இருளினும் கொடிய விளக்கு

இருட்டைப் போக்குவதாகச் சொல்லி ஒரு தொழிலாளியின் கையில் கொடுக்கப்படும் விளக்கு, சில இடங்களில் அந்த இருட்டைக் காட்டிலும் கொடியதாய் முடிகிறது என்று நாம் சொன்னால், விளக்கை இலட்சுமி என்றும் மங்களம் என்றும் கும்பிட்டுப் பழகிய நம்மவர்க்கு அது விபரீதமாகவே தோன்றும். விளக்கேற்றினால் வீடு விளங்கும் என்று நம்புகிறவர்கள், விளக்கேற்றினால் தொட்டி வெடிக்கும் என்பதை எங்ஙனம் நம்புவார்கள்? ஆயினும் ஆலையிலும் பட்டறையிலும் எண்ணெய்த் தொட்டியிலும் பாடுபடுகிற நம் ஜனங்களுக்கு இந்த விஷயத்தை யாரேனும் ஒருவர் ஒளிக்காமல் சொல்லியே தீரவேண்டும். சொல்ல வேண்டியவர்கள் சும்மா இருப்பதால் நாம் சொல்லத் துணிகிறோம்.

தங்காக் என்றால் வெளியூரார்க்கு நினைவு வருவது லேடாங் மலையும் துணிக்கடைகளுமே. அவற்றுக்கு அப்பால், மலையடிவாரத்தைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் பரந்து கிடப்பதையும், பொழுது புலருமுன் நிரைக்கு நிரை நெற்றி விளக்குகள் மின்மினிபோல் நகர்வதையும் கண்டவர்களுக்குத்தான் விளக்கு என்பது தொழிலாளிக்கு எவ்வளவு நெருங்கிய பொருள் என்பது விளங்கும். நம் தாத்தாமார் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டினார்கள், இன்றுள்ளோர் எல்.இ.டி. விளக்கை மாட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள். திறந்த வெளியில், காற்றோட்டத்தில், அந்த விளக்கினால் யாதொரு தீங்கும் இல்லை. ஆனால் காலையில் மரத்தடியில் எரிந்த அதே விளக்கை, மத்தியானம் ஆலையின் கசடுத் தொட்டிக்குள் கொண்டுபோகச் சொல்லும்போதுதான் அது எமனாகிறது. விளக்கு மாறவில்லை, இடம் மாறிற்று. இடனறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைத் தினந்தோறும் மேடையில் புகழ்கிற நாம், விளக்கு வாங்கும் விஷயத்தில் இடமறியாமல் இருப்பது எவ்வளவு வெட்கக்கேடு!

பிறரைக் குற்றம் சொல்லுமுன் நம் கை பட்ட சம்பவம் ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம். ஆலையின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. வருஷாந்தரத் துப்புரவுக்காகத் தொட்டி ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. வெடிவாயு உள்ள இடத்துக்கென்றே செய்யப்பட்ட கைவிளக்கு இரண்டு வேண்டும் என்று போர்மன் எழுதிக் கொடுத்தார். விலை கேட்டபோது சாதாரண டார்ச் லைட்டைப்போல் பல மடங்கு இருந்தது. “டார்ச் லைட் போதும்” என்று மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தது. நாம் சிவப்பு மையினால் அந்த வரியை அடித்துவிட்டு, “டார்ச் லைட் 6” என்று எழுதினோம். எழுதினவர்க்கு அது ஒரு வரி, அவ்வளவே.

வேலை நாளன்று தொட்டியின் வாயருகே போன ஒரு பெரியவர், “கிராணி ஐயா, உள்ளே முட்டை அழுகின வாடை வருது. இந்த லைட்டை வெச்சிக்கிட்டு நான் எறங்க மாட்டேன். நீங்க வேணுமுன்னா எறங்கிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். மறுநாள் வேறிடத்திலிருந்து வாயு அளக்கும் கருவி கொண்டுவரப்பட்டது. கயிற்றில் கட்டி இறக்கினதும் அது அலறிற்று. ஆறு உயிர் தப்பிற்று. அதற்குப் பெரியவர் பெற்ற வெகுமதி யாதெனில், “திமிர் பிடித்தவன்” என்ற பட்டமும், முதல்நாள் சம்பள வெட்டுமே. அந்த வெட்டை எழுதியதும் நம் பேனாதான். பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத அவர் மூக்குக்கு இருந்த அறிவு, இங்கிலீஷ் பள்ளியில் படித்த நம் பேனாவுக்கு இல்லாமற் போயிற்று. இந்தக் கட்டுரை அந்தக் கடனுக்கு ஒரு சிறு வட்டியே தவிர வேறில்லை.

நிற்க. ஒரு சிறு டார்ச் லைட் எப்படி வெடியை உண்டாக்கும் என்று கேட்பவர்கள் பலர். எரியக்கூடிய வாயு, காற்று, பொறி என்ற மூன்றும் ஓரிடத்தில் கூடினால் வெடி பிறக்கும். காற்றில் 100-க்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை மீத்தேன் கலந்திருந்தால் அது வெடிக்கத் தயாராயிருக்கிறது. அதைப் பற்றவைக்க வேண்டிய சக்தி ஏறத்தாழ 0.28 மில்லிஜூல் மாத்திரமே. வறண்ட காலத்தில் இரும்புக் கைப்பிடியைத் தொடும்போது விரல் நுனியில் ‘சுருக்’கென்று ஒரு பொறி தைக்கிறதே, அதில் இதைவிட அதிகச் சக்தி உண்டு. டார்ச் லைட்டின் பொத்தானை அழுத்தும்போது உள்ளே தகடும் தகடும் பிரிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பொறி எழும்புகிறது. கைதவறி விழுந்தால் பாட்டரி இடம் பெயர்ந்து கம்பியில் முட்டலாம். லிதியம் பாட்டரி உட்சேதமடைந்தால் கொதித்துத் தீப்பிடிக்கவும் கூடும். பகைவன் வெளியிலிருந்து வரவில்லை; நாம் காசு கொடுத்து வாங்கி உள்ளே அனுப்புகிறோம்.

இந்த உண்மையை உலகம் இரத்தம் சிந்தித்தான் கற்றது. இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள பெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812-ஆம் ஆண்டு மே 25-ந் தேதி நேர்ந்த வெடியில் 92 பேர் மாண்டார்கள். அதன்பின் 1815-இல் சர் ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை வைத்தால் வலை சூட்டை உறிஞ்சிவிடும், தீ வெளியே தாவாது என்று கண்டு ஒரு விளக்கைச் செய்தார். அதே ஆண்டில் ஜார்ஜ் ஸ்டீவன்ஸன் வேறொரு வகையில் ஒரு விளக்கைச் செய்தார். இத்தோடு கதை சுபமாய் முடிந்ததென்று பாடப்புத்தகம் சொல்லும். முடியவில்லை. நல்ல விளக்கு கிடைத்துவிட்டது என்ற தைரியத்தில், வாயு மிகுதியால் முன்பு மூடி வைத்திருந்த சுரங்கங்களையும் முதலாளிகள் திறந்து ஆட்களை இறக்கினார்கள். வலையில் ஒரு கண் கிழிந்தாலும், காற்று வேகமாய் அடித்தாலும் தீ வெளியே தாவிற்று. வெடிகள் ஓயவில்லை. உயிரைக் காக்க வந்த கருவியை லாபத்தைக் காக்கும் கருவியாக மாற்றும் வித்தை அன்றே தொடங்கிவிட்டது.

1913-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி வேல்ஸ் நாட்டின் செங்கெனித் சுரங்கத்தில் 439 தொழிலாளர் மாண்டனர். மின்சார மணி அடிக்கும் கம்பியில் எழுந்த சிறு பொறியின்மேல் சந்தேகம் விழுந்தது. அதன் பேரில் செய்த ஆராய்ச்சிகளிலிருந்தே, பொறி எழுந்தாலும் வாயுவைப் பற்றவைக்கப் போதிய பலம் அதற்கு இல்லாதபடி கருவியைச் செய்வது என்னும் முறை வளர்ந்தது. ‘இயல்பிலேயே பாதுகாப்பான’ கருவி என்று இன்று சொல்லப்படுவது இதுவே. அந்தச் சுரங்க மேலாளருக்கு விதித்த அபராதம் 24 பவுன். கம்பெனிக்கு 10 பவுன். ஆளுக்கு எவ்வளவு விழுகிறதென்று வாசகர்களே வகுத்துப் பார்க்கட்டும்.

சீமையிலுள்ள சுரங்கத்துக்கும் ஜொகூரிலுள்ள செம்பனைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டிலேயே பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி தோண்டப்பட்டது. அது மூடப்பட்டது, சுரங்க வாயு மூடப்படவில்லை. நிலக்கரியின் நடுவே அடைபட்டுக் கிடக்கும் அதே மீத்தேன்தான், செம்பனை ஆலையின் கழிவுநீர் காற்றுப் படாமல் அழுகும்போதும் பிறக்கிறது. ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு கிடைக்குமென்றும், அதில் 100-க்கு 60 பங்குக்கு மேல் மீத்தேன் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனோடு கூடவே பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த அழுகின முட்டை வாடை. அது எரியவும் செய்யும், நஞ்சுமாகும். அளவு மிகுந்தால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். “வாடை நின்றுவிட்டது, இனிப் பயமில்லை” என்று எண்ணுகிற அந்த நிமிஷமே சாகும் நிமிஷம். இவையன்றி, பருப்பெண்ணெய் எடுக்கும் ஹெக்சேன், பட்டறையின் பெயிண்டு ஆவி, பெட்ரோல் கிடங்கு, பாட்டரிக்கு மின்னேற்றும் அறையில் எழும் ஹைட்ரஜன் என்று நம் ஊரைச் சுற்றியே சுரங்கங்கள் பல உண்டு. பூமிக்கு மேலே இருப்பதால் அவற்றை நாம் சுரங்கம் என்று அழைப்பதில்லை.

இனி, மலிவு விளக்குக்காக வாதாடுகிற கனவான்களின் ஆட்சேபணைகளைப் பார்ப்போம். “இது தண்ணீரும் தூசியும் புகாத விளக்கு, ஐ.பி. 67 என்று போட்டிருக்கிறது” என்பது முதலாவது. அந்த எண் விளக்குக்குள் தண்ணீர் புகாது என்பதற்கு உறுதி சொல்லுமே தவிர, விளக்கிலிருந்து பொறி வெளிவராது என்பதற்கு ஒரு வார்த்தையும் சொல்லாது. குடை பிடித்தவனைக் குண்டு துளைக்காது என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். “எல்.இ.டி. சுடுவதில்லையே” என்பது இரண்டாவது. ஒளிவிடும் துண்டு சுடாமலிருக்கலாம். அதற்கு மின்சாரம் ஊட்டும் பாட்டரியும் பொத்தானும் கம்பியும் என்ன சத்தியம் செய்து கொடுத்திருக்கின்றன? “விளக்கே வேண்டாம், கைப்பேசியில் வெளிச்சம் இருக்கிறது” என்பது மூன்றாவது; எல்லாவற்றிலும் கெட்டது இதுவே. பெரிய பாட்டரியும், எந்த நேரமும் அழைப்பும் அதிர்வும் வரக்கூடிய யந்திரமும் சேர்ந்த ஒரு பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாயுத் தொட்டியில் இறங்குவது அறிவுடைமையாகுமா?

“முப்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் மாரியம்மன் காப்பாற்றுவாள்” என்பது நான்காவது. வாயு 4 பங்கு இருந்த நாளில் ஒன்றும் நடக்கவில்லை. 6 பங்கு இருக்கும் நாள் ஒன்று வரும். அன்று வருத்தப்பட அவன் இருக்கமாட்டான். ஆயுத பூஜையன்று பாய்லருக்கும் லாரிக்கும் மாலை போட்டுக் கற்பூரம் கொளுத்தப் பணம் ஒதுக்குகிற நிர்வாகம், அந்தப் பாய்லரைத் துடைப்பவனுக்கு உரிய விளக்கு வாங்கப் பணமில்லை என்று சொல்வது பக்தியா, பித்தலாட்டமா? செத்தவன் வீட்டில் “விதி” என்று சொல்லி ஆறுதல் கூறுகிறோம். விதிக்கு இண்டெண்டு எழுதிக் கொடுத்தது யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

ஆகவே எந்த விளக்கு வாங்குவது? முதலில் இடத்தைப் பார்க்கவேண்டும். விலைப்பட்டியலைப் பிறகு பார்க்கலாம். வெடிவாயு எப்போதும் அல்லது நெடுநேரம் இருக்கும் இடம் 0 மண்டலம்; வேலை நடக்கையில் அவ்வப்போது தோன்றக்கூடியது 1-ஆம் மண்டலம்; அபூர்வமாய்த் தோன்றிச் சிறிது நேரத்தில் மறைவது 2-ஆம் மண்டலம். எரியும் தூசிக்கு 20, 21, 22 என்று மண்டலங்கள் உண்டு. இதை அறிந்தவர் அளந்து எழுதி வைக்கவேண்டும், கடைக்காரர் சொல்லக்கூடாது. 0 மண்டலத்துக்கு ‘ஐ.ஏ.’ என்ற எழுத்துப் பெற்ற, இயல்பிலேயே பாதுகாப்பான விளக்கைக் கேட்கவேண்டும். அடுத்தது வாயுவின் பிரிவு: மேலே சொன்ன மீத்தேனுக்கு 2-ஏ, ஹைட்ரஜன் சல்பைடுக்கு 2-பி, ஹைட்ரஜனுக்கு 2-சி. ஏ-க்குரிய விளக்கை சி இடத்தில் உபயோகிக்கலாகாது. அதற்கடுத்தது சூட்டின் வகுப்பு: டி-3 என்றால் விளக்கின் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் சுடாது, டி-4 என்றால் 135, டி-6 என்றால் 85. ஹைட்ரஜன் சல்பைடு ஏறத்தாழ 260 டிகிரியிலும், ஹெக்சேன் ஏறத்தாழ 225 டிகிரியிலும் தானே பற்றிக்கொள்ளும் என்பதால், டி-1, டி-2 விளக்குகள் அங்கே ஆகா.

இவையெல்லாம் ‘எக்ஸ்’ குறியோடு விளக்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சான்றிதழ் எண்ணும் இருக்கும். குறியைப் போலியாக அச்சடிப்பவரும் உண்டாதலால், சான்றிதழின் பிரதியைக் கேட்டு வாங்கி எண்ணை ஒத்துப் பார்ப்பது அவசியம். வாங்கிய பின்னும் வேலை தீர்வதில்லை. கண்ணாடியில் கீறல் விழுந்ததும், டேப் சுற்றி ஒட்டவைத்ததும், வேறு பாட்டரி போட்டதும் அந்தக் கணமே சாதாரண டார்ச் லைட்டாகிவிடும். பாட்டரியை மாற்றுவது வெளியிலே. விளக்கை ஏற்றுவதும் வெளியிலே. கம்பியுள்ள விளக்கானால் 24 வோல்ட்டுக்கு மேற்படாமல் இருக்கவேண்டும். மின்மாற்றி தொட்டிக்கு வெளியே நிற்கவேண்டும். குறைந்த வோல்ட் மின்னதிர்ச்சியிலிருந்துதான் காக்கும், வெடியிலிருந்து காக்காது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஊர்ப்புறத்தில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் ஒரு விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்கமாட்டார்கள். டேவியின் விளக்கும் அப்படியே பேசிற்று; மீத்தேன் கலந்தால் சுடரின் மேல் நீலத் தொப்பி தோன்றும், பிராணவாயு குறைந்தால் சுடர் அணையும். இன்றைய மின்விளக்கு ஊமை. மனிதன் மூச்சுத் திணறிச் சாய்ந்த பிறகும் அவன் பக்கத்தில் அது பளபளவென்று எரிந்துகொண்டேயிருக்கும். அதற்காகப் பழைய சுடரைத் தொட்டிக்குள் இறக்குவது, புலி இருக்கிறதா என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பதாகும். ஆகையால் விளக்குக்கு முன்னே வாயு அளக்கும் கருவி இறங்கவேண்டும். பிராணவாயு 100-க்கு 19.5 பங்குக்குக் குறைந்தாலும், எரிவாயு வெடிக்கும் கீழ்வரம்பில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலும் ஒருவரும் இறங்கலாகாது. வாயிலில் ஒருவர் காவல் நிற்கவேண்டும். உள்ளே விழுந்தவனைத் தூக்கக் கயிறும் மூச்சுக் கருவியும் முன்னமே தயாராயிருக்கவேண்டும். அடைபட்ட இடங்களில் மாண்டோரில் 100-க்கு 60 பேருக்கு மேல், முன்னே விழுந்தவரைக் காப்பாற்ற ஓடி இறங்கியவர்களே என்று அமெரிக்க நாட்டின் அறிக்கை ஒன்று 1986-இல் கூறிற்று. அண்ணன் விழுந்தால் தம்பி சும்மா நிற்பானா? அந்தப் பாசத்தையும் கணக்கில் வைத்துத்தான் ஏற்பாடு செய்யவேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், உண்டு. 1991-ஆம் ஆண்டு மே 7-ந் தேதி சுங்கை பூலோவில் வாணவெடித் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டது பலருக்கு நினைவிருக்கும். 1994-இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் சில விலக்குகள் நீங்கலாக எல்லாத் தொழிலிடங்களுக்கும் அது பரவிற்று. கடமை தவறும் முதலாளிக்குரிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5,00,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. உயிருக்கு உடனடி அபாயம் உண்டென்று நியாயமான காரணத்தோடு நம்புகிற தொழிலாளி, முதலாளி அபாயத்தை நீக்காவிடில் அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவனைத் தண்டிக்கலாகாது என்பதும் அச்சட்டத்தில் இருக்கிறது. நம் பெரியவர் செய்தது திமிரல்ல, உரிமை. ஆனால் அந்த உரிமை அவர் அறிந்த மொழியில் எந்தப் பெரட்டுக் களத்தில் படிக்கப்பட்டது? எந்த ஆலைச் சுவரில் ஒட்டப்பட்டது?

தொட்டியில் இறங்குபவர் யார் என்பதையும் கேட்காமல் விட முடியாது. தமிழ்நாட்டில் கழிவுநீர்க் குழியில் மனிதனை இறக்குவதைத் தடுக்க 2013-இல் சட்டம் செய்தும், குறிப்பிட்ட சாதியாரே இன்னும் இறங்கி அதே வாயுவுக்குப் பலியாகிறார்கள். மேல்சாதி என்று சொல்லிக்கொள்பவன் எவனாவது இறங்கிச் செத்தான் என்று யாரேனும் கேள்விப்பட்டதுண்டா? இங்கே நம் தாத்தாமார் கூலியாக வந்து இறங்கினார்கள். இன்று நம்மோடு வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் இறங்குகிறார்கள். குழி ஒன்றே, வாயு ஒன்றே; இறங்குகிறவனுடைய ஊர்தான் மாறுகிறது. எவனுடைய உயிர் மலிவென்று எண்ணப்படுகிறதோ அவன் கைக்கே மலிவான விளக்கும் போய்ச் சேருகிறது. இதை அந்நியன் செத்தால் நமக்கென்ன என்று விடுபவர்கள், நேற்று நாமும் அந்நியராயிருந்ததை மறந்தவர்கள்.

ஆதலின், ஆபீசில் உட்கார்ந்து பேனா பிடிக்கும் நம்மவர்க்கே நம் கடைசி வார்த்தை. விளக்கின் மேலுள்ள எழுத்து இங்கிலீஷில் இருக்கிறது; அதைப் படிக்க நாம் கற்றிருக்கிறோம். அதைத் தமிழில் படித்துச் சொல்லாத படிப்பினால் நம் இனத்துக்கு என்ன பிரயோஜனம்? அடுத்த இண்டெண்டில் இடத்தின் மண்டலம், வாயுவின் பிரிவு, சூட்டின் வகுப்பு மூன்றையும் எழுதுவோம். மேலிடம் அடிக்கச் சொன்னால், “காரணத்தை எழுத்தில் தாருங்கள்” என்று மரியாதையாகக் கேட்போம். எழுத்தில் கொடுக்கத் துணிபவர் அதிகம் பேர் இரார். தொழிற்சங்கத்தார் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் விளக்கையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும். தொழிலாளத் தோழர்கள், குறியில்லாத விளக்கையும் வாயு அளக்காத தொட்டியையும் கண்டால் அந்தப் பெரியவரைப்போலத் தள்ளி நிற்கட்டும்.

அன்று வெட்டப்பட்ட ஒருநாள் சம்பளத்தை அவர் திரும்பக் கேட்கவேயில்லை. அந்தச் சிவப்பு மைக் கோடு மட்டும் இன்னும் கோப்பில் அழியாமல் இருக்கிறது.